நல்லதுதானே நடந்தது, அப்புறம் ஏன் அழுகை?

பதவி உயர்வு கிடைத்து நான்காவது வாரத்தில் ஒரு பெண்மணி மனநல ஆலோசனைக்காக என்னைப் பார்க்க வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. பல வருடம் காத்திருந்து கிடைத்த பதவி, வேறு ஊருக்கு மாற்றல், முன்பைவிடப் பெரிய வீடு. உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "மேடம், எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா தினமும் ராத்திரி அழறேன்." சொல்லும்போதே அவருக்குக் கூச்சம். என் நேரத்தை வீணாக்குவதாக நினைத்து இரண்டு முறை மன்னிப்பும் கேட்டார்.

எப்போது அழுகை வருகிறது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துச் சொன்னார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், கை தானாகவே சுவரில் சுவிட்சைத் தேடுகிறதாம், பழைய வீட்டில் சுவிட்ச் இருந்த அதே உயரத்தில். புது வீட்டில் அந்த இடத்தில் வெறும் சுவர்தான். "அந்தச் சுவரைத் தடவும்போதுதான் மேடம், அழுகை வருது."

(இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் எல்லாரையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கதையோடு பலர் வருவதால், இரண்டு மூன்று பேரை ஒருவராக்கியும் சொல்லியிருக்கிறேன்.)

அந்தச் சுவிட்சைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு நாளில் நாம் செய்பவற்றில் பெரும்பகுதி யோசிக்காமல் செய்பவை. சாவியை எங்கே வைப்பது, எந்த வழியாகப் போவது, யாரிடம் எதைக் கேட்பது, எதைச் சொன்னால் யார் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் கைக்கும் காலுக்கும் பழகிப்போனவை. பெரிய மாற்றம் வந்தால் இந்தப் பழக்கம் மொத்தமும் ஒரே நாளில் செல்லாக்காசாகிறது. அப்புறம் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் செய்யவேண்டும். வேலை அதே அளவுதான், ஆனால் சாயங்காலம் ஆளை அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. "நான் சோம்பேறி ஆயிட்டேன்", "எனக்கு மறதி வந்துடுச்சு" என்று வருகிறவர்களில் பலருக்கு நோய் எதுவும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல, தெரியாத இடத்தில் நாள் முழுக்கத் தடவித் தடவி நடக்கிற களைப்பு அது.

மாற்றம் நல்லதா கெட்டதா என்பது இந்தக் களைப்புக்குத் தெரியாது. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நிகழக்கூடிய 43 மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கணவன் அல்லது மனைவியின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73. இதில் ஆச்சரியம் இல்லை. திருமணத்துக்கு 50, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47 என்று இருப்பதைத்தான் பலர் திரும்பப் படிக்கிறார்கள். பணி ஓய்வுக்கு 45. பிரிந்த தம்பதி மறுபடி சேர்வதற்கும் அதே 45. குறிப்பிடத்தக்க சாதனைக்குக்கூட 28 உண்டு, விடுமுறைக்கு 13. அவர்கள் அளந்தது சந்தோஷத்தையோ துக்கத்தையோ அல்ல. பழையபடி ஒரு நிலைக்கு வர எவ்வளவு சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதை. திருமணத்தை அடிப்படையாக வைத்து, அதோடு ஒப்பிட்டு மற்றவற்றுக்கு மதிப்பெண் போடும்படி பலரிடம் சொன்னார்கள்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். போனில் அந்தப் பட்டியலைத் தேடிக் கூட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், எனக்கு 320 வருது, எனக்கு ஏதாவது ஆயிடுமா?" என்று பதறி வருகிறவர்கள் உண்டு. 300ஐத் தாண்டினால் உடல்நலக் கோளாறுக்கான வாய்ப்பு கூடுதல் என்று அதில் போட்டிருப்பது உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஆய்வுகளில் பலவீனமாகத்தான் வந்திருக்கிறது. உங்களுக்கு யார் துணை இருக்கிறார்கள், இது நீங்களாக எடுத்த முடிவா, உங்கள் தலையில் கட்டப்பட்டதா என்பதெல்லாம் அந்தத் தாளுக்குத் தெரியாது. "இவ்வளவு நடந்திருக்கிறதா எனக்கு!" என்று ஒருமுறை நிமிர்ந்து பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

உடம்பின் கணக்கு வேறு. ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆய்வாளர் 1936இல் விலங்குகளிடம் செய்த சோதனைகளிலிருந்து, நெருக்கடியை உடம்பு மூன்று கட்டமாகச் சந்திக்கிறது என்று எழுதினார்: முதலில் அபாயமணி, பிறகு எதிர்த்து நிற்றல், கடைசியில் சோர்ந்து விழுதல். மனிதர்களின் விஷயம் இவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை. ஆனால் நடுவில் உள்ள அந்த 'எதிர்த்து நிற்றல்' என் அறையில் தினம் தெரிகிறது. வீட்டில் பெரிய இழப்பு நடந்தபோது கலங்காமல் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவர்தான் மூன்றாவது மாதம் என்னிடம் வருகிறார். "அப்பெல்லாம் நல்லாத்தான் இருந்தேன். இப்ப எல்லாம் அடங்கின பிறகு என்ன வந்தது எனக்கு?" என்று கேட்கிறார். அடங்கியதால்தான் வந்தது. நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் கொடுத்த கடனை உடம்பு திருப்பிக் கேட்கிறது என்று அவரிடம் சொல்வேன். விஞ்ஞானமாகப் பார்த்தால் இந்த உவமை கொஞ்சம் நொண்டும். ஆனால் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

படபடப்பு, எடை மாற்றம், தீராத களைப்பு என்று சொல்கிறவர்களை முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது என் வழக்கம். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மன உளைச்சல் மாதிரியே வேஷம் போடும். எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டுவதும் தப்பு.

சரி, எதை இழந்தோம் என்பதற்கு வருகிறேன். என் வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான்.

பணி ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். பணக் கவலை இல்லை, உடம்பும் திடம். ஆனால் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறார் என்று மகள் அழைத்துவந்தாள். "வேலை போனதுல எனக்கு வருத்தமே இல்லம்மா. எப்படா விடுவாங்கன்னுதான் இருந்தேன்" என்றார் என்னிடம். ஒரு தாளைக் கொடுத்து, வேலையோடு சேர்ந்து போன மற்றவற்றை எழுதச் சொன்னேன். முதலில் மூன்று வரி வந்தது. அடுத்த வாரம் இரண்டு பக்கம் கொண்டுவந்தார். வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம். கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள். தினமும் ஒரே குறையைச் சொல்லிப் புலம்பக்கூடிய ஒரு சக ஊழியர். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எப்படிப் போகும் என்று கேட்டேன். "எல்லா நாளும் ஞாயிறு ஆயிட்டா, ஞாயிறு எங்கம்மா இருக்கு?" என்றார். கடைசி வரியாக எழுதியிருந்தது: ஒருநாள் வராவிட்டால் 'ஏன் வரலை' என்று கேட்க ஆள் இருந்தது.

மாற்றத்துக்குப் பேர் ஒன்றுதான், ஆனால் அதோடு போகும் இழப்புகள் பத்துப் பதினைந்து இருக்கும். அவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதும்போது, எது திரும்பக் கிடைக்கக்கூடியது, எது போனது போனதுதான் என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. பதவி திரும்ப வராது. கிளம்ப ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளலாம். வராவிட்டால் 'ஏன் வரலை' என்று கேட்கும் நான்கு பேரை இன்னோர் இடத்தில் தேடிக்கொள்ளலாம். இது 'பாசிட்டிவாக யோசியுங்கள்' என்பதைவிட எவ்வளவோ உபயோகம் என்பது என் அனுபவம்.

விவாகரத்தைத் தானே கேட்டு வாங்கியவருக்கும் இந்தப் பட்டியல் உண்டு. நல்ல வேளை, தப்பித்தாய் என்று சுற்றி இருப்பவர்கள் சொல்லும்போது, அவர் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். குழந்தை பிறந்த வீட்டிலும் அதேதான். குழந்தை மேல் உயிரையே வைத்திருக்கிற தாய், தன் பழைய தூக்கத்துக்காகவும் பழைய உடம்புக்காகவும் ஏங்குவது பாசக்குறைவு ஆகாது.

இனி, என்ன செய்வது? மனசை நேராகச் சரிசெய்ய நான் முதலில் முயல்வதில்லை. கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன். கூடாரத்துக்கு முளை அடிப்பது போல நாளுக்கு மூன்று முளை. எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும், ராத்திரி எப்படிப் போனாலும் சரி. எழுந்து கொஞ்ச நேரத்துக்குள் வெளிச்சத்தில் சிறிது தூரம் நடங்கள். ஒரு வேளைச் சாப்பாடாவது குறித்த நேரத்தில், முடிந்தால் இன்னொருவரோடு. இவ்வளவுதானா என்று ஏமாற்றமாக இருக்கும். வாழ்க்கையே தலைகீழாகிக் கிடக்கும்போது எழும் நேரத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று கோபப்பட்டவர்களும் உண்டு. ஆனால் மறுபடி யோசிக்காமல் செய்ய மூன்று காரியம் கிடைத்தால், அந்த அளவுக்குத் தலை ஓய்கிறது.

தூக்கம் பிடிக்காமல் இருபது நிமிடத்துக்கு மேல் புரள்வதாகத் தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் எதையாவது செய்துவிட்டுத் தூக்கம் வரும்போது திரும்பப் படுங்கள். கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை எண்ணவேண்டாம். மதுவை நம்பவேண்டாம். சீக்கிரம் கண்ணை மூடவைக்கும், ராத்திரியின் பின்பாதியைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, தள்ளிப்போடக்கூடிய முடிவுகளை ஆறப்போடுங்கள். வீட்டை விற்பது, வேலையை விடுவது, பொருள்களை அள்ளிக் கொடுப்பது எதுவாக இருந்தாலும். கலங்கிய மனசுக்கு எதையாவது முடித்துவிட்டால் வலி போய்விடும் என்று தோன்றும். என் அப்பா இறந்த வாரமே அவருடைய மேஜையைக் காலி செய்தேன். அதில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, உள்ளே மடித்து வைத்த கடைப் பட்டியல், அவர் கையெழுத்து. குப்பையில் போட்டேன். நான் இந்தத் தொழிலில்தான் இருந்தேன் அப்போதும்.

உளவியலாளர்களான ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல், சமாளிக்கும் வழிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிரச்சினையைக் கையாள்வது ஒன்று, அது கிளப்பும் உணர்ச்சியைக் கையாள்வது இன்னொன்று. இரண்டும் வேண்டும். சிக்கல், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடும்போது. வேலை போனவர் நாள்முழுக்கத் தியானத்தில் உட்கார்ந்தால் விண்ணப்பம் யார் போடுவது? மனைவியை இழந்தவர் அலமாரிகளை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருந்தாலும், அழவேண்டிய அழுகை அலமாரிக்குப் பின்னால் காத்திருக்கும்.

எழுதுவது சிலருக்கு உதவுகிறது. 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பியலும் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்களை மிகவும் உலுக்கிய அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்களில் சிலர் உடல்நல மையத்துக்குப் போவது குறைந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான். பிடித்தால் செய்யுங்கள், கட்டாயம் இல்லை. அதிர்ச்சி நடந்த அன்றே ஒருவரை உட்காரவைத்து 'எல்லாத்தையும் கொட்டிடு' என்று வற்புறுத்துவது மட்டும் வேண்டாம். அது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதில்லை என்று தெரிந்திருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்பது நல்ல மனசில் வருவதுதான். ஆனால் என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழுகிறது. "வியாழக்கிழமை சாயங்காலம் வரேன், அந்தப் படிவத்தையெல்லாம் சேர்ந்து நிரப்பிடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். 'உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேர்' என்ற ஒப்பீட்டை எப்போதுமே தவிர்த்துவிடலாம்.

எப்போது எங்களிடம் வரவேண்டும்? மாற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் தொடங்கி, வேலையையோ உறவையோ படிப்பையோ நடத்தவிடாத அளவுக்குப் போகும் உளைச்சலுக்கு 'அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஆர்டர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். காரணமும் அதன் விளைவுகளும் ஓய்ந்தால், பொதுவாக ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். சில அமர்வுகளில் பேசித் தெளிவதே பலருக்குப் போதும். ஆனால் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனச்சோர்வு நோயா என்று பார்க்கவேண்டும். பிரசவமான சில நாள்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகாவிட்டால் காத்திருக்க வேண்டாம். தாய் குழம்பிப் பேசினாலோ இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ அது அவசர சிகிச்சை. சாகத் தோன்றுகிறது என்று யார் சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள், தனியாக விடாதீர்கள். அந்த எண்ணம் உங்களுக்கே வந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

அந்தப் பெண்மணி ஐந்து முறை வந்தார். மருந்து தேவைப்படவில்லை. சுவிட்ச் பலகையில் இருட்டில் ஒளிரும் சின்ன ஸ்டிக்கரை அவராகவே ஒட்டிக்கொண்டார், அது என் யோசனை அல்ல. கடைசியாக வந்தபோது, பழைய ஊருக்குப் போய்த் தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கியதைச் சொன்னார். ராத்திரி எழுந்தால், கை புது வீட்டுச் சுவிட்ச் இருக்கும் உயரத்தில் சுவரைத் தடவியதாம். சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்த வீடு நிஜமாவே போயிடுச்சு இல்ல மேடம்?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் என் அறையில் முதல்முறையாக, மன்னிப்புக் கேட்காமல் அழுதார்.