சின்னத் துப்பாக்கி ஏன் பெரிதாக உதைக்கிறது?

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்படி ஒப்படைத்த அப்பாவின் ரிவால்வரைத் திரும்ப வாங்க அவருக்குத் துணையாகப் போய்வந்த சவுக்கார்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நகைத் தொழில், இரவில் கடை அடைத்துவிட்டு மின்ட் தெரு வழியாக வீடு திரும்புகிறவர். "அப்பாவின் ரிவால்வர் கனம். சட்டைக்குள் துருத்திக்கொண்டு தெரிகிறது. எனக்கு லைசென்ஸ் கிடைத்தால் சின்னதாக, லேசாக ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். சின்னது என்றால் சுடுவதும் சுலபம்தானே சார்?"

சுலபம் இல்லை. சின்னதாக ஆக ஆகக் கடினம்தான்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது. சென்னை மாநகரில் லைசென்ஸ் தருவது காவல் ஆணையர். விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைத்துவிடாது. உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும், போலீஸ் விசாரணை இருக்கும். படையும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடை. அதனால் கைத்துப்பாக்கி என்றால் நம்மவர்கள் பெரும்பாலும் வாங்குவது .32 ரகம்தான் (குண்டின் விட்டம் சுமார் 0.32 அங்குலம் என்று பொருள்). 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பொது இடத்தில் அதை உறையில், முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். வெளியே தெரியாமல் வைப்பது வாசகரின் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சரி, இயற்பியலுக்கு வருவோம். உந்த அழிவின்மை விதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். உந்தம் என்றால் நிறையை வேகத்தால் பெருக்கியது. குண்டு முன்னே போகிற அதே உந்தத்தைத் துப்பாக்கி பின்னே வாங்கிக்கொள்ளும். .32 ரிவால்வரில் அது சுமார் 1.5 கி.கி. மீ/நொடி என்று வைத்துக்கொள்வோம். நம் அரசு ஆலைகளில் தயாரான பழைய .32 ரிவால்வர் சுமார் 700 கிராம். அது நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் உள்ளங்கையை உதைக்கும். 2014இல் கான்பூர் ஆலை டைட்டானியம் கலவையில் செய்து வெளியிட்ட 'நிர்பீக்' சுமார் 500 கிராம். அது 3 மீட்டர் வேகத்தில் உதைக்கும். கை தாங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 40 சதவீதம் கூடிவிடுகிறது. எடை குறைந்தது இடுப்புக்கு நல்லது, மணிக்கட்டுக்கு அல்ல.

இனி பிஸ்டல். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான்.

ரிவால்வரில் உருளையைச் சுழற்றி அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது விரலின் வேலை. பிஸ்டலில் அது சுட்ட தோட்டாவின் வேலை. மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடு பின்னே ஓடி, குண்டு போன தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டை வெளியே எறிந்து, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும். ஆனால் ஒரு சிக்கல். வெடிக்கும் கணத்தில் உள்ளே வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் அழுத்தம். தோட்டாவின் அடிப்பாகம் அரைச் சதுர செ.மீ. பரப்பு. கணக்குப் போட்டால் அரை டன் எடைக்குச் சமமான விசை அதைப் பின்னே தள்ளுகிறது. குண்டு குழலை விட்டுப் போகும் முன் கூடு வெளியே வந்துவிட்டால் பித்தளை கிழியும், சூடான வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கிச் சீறும். அப்படியானால் அந்த அரை டன்னைப் பிடித்து நிறுத்துவது எது?

ஸ்பிரிங் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் பலம் சில கிலோதான். .32 பிஸ்டலில் பூட்டு, கொக்கி எதுவும் கிடையாது. நிறுத்தி வைப்பது ஸ்லைடின் நிறை மட்டுமே.

குண்டு 4.6 கிராம், ஸ்லைடு சுமார் 300 கிராம் என்று கொள்வோம். ஒரே விசை இரண்டையும் எதிரெதிரே தள்ளுகிறது. ஸ்லைடு 65 மடங்கு கனம், எனவே குண்டு நகரும் தூரத்தில் 65இல் ஒரு பங்குதான் அது நகரும். குண்டு 80 மி.மீ. குழலைக் கடந்து வெளியேறும்போது ஸ்லைடு பின்னே வந்திருப்பது ஒன்றேகால் மி.மீ. கூட்டின் நீளமோ 17 மி.மீ. அதாவது கூடு இன்னும் குழலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது! குண்டு போன பிறகு அழுத்தம் இறங்கிவிடும். ஆனால் அதற்குள் வாங்கிய வேகத்திலேயே ஸ்லைடு பின்னே ஓடி மிச்ச வேலையை முடித்துவிடும். குண்டு குழலுக்குள் இருப்பதே ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் அளவுக்குத்தான். ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1900 வாக்கில் விற்ற பிஸ்டல் இந்தத் தத்துவத்தில்தான் ஓடியது. அதற்காகவே பிறந்ததுதான் .32 பிஸ்டல் தோட்டா. (அப்பாவின் .32 ரிவால்வர் தோட்டா வேறு, நீளமானது. பெயர் ஒன்று என்று இரண்டையும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.)

9 மி.மீ. தோட்டாவில் இந்த எளிமை செல்லாது. குண்டும் கனம், அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிறையை மட்டும் நம்பினால் ஸ்லைடு தாங்க முடியாத அளவுக்குக் கனமாகிவிடும். எனவே குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சில மி.மீ. சேர்ந்தே பின்வாங்கி, பிறகு குழலின் பின்பக்கம் தாழ்ந்து பிரிகிற ஏற்பாடு தேவைப்படுகிறது. அதுவும் பிரவுனிங் தந்ததுதான். ஆனால் எனக்கு அழகாகப் படுவது .32இன் வெறும் நிறைதான். சட்டம் நமக்கு விட்டுவைத்த அளவு, ஆக எளிமையான பொறிக்கு இடம் கொடுக்கிற அளவாக அமைந்துவிட்டது.

அப்புறம், பிஸ்டலைக் குட்டையாக்கினால் வேறு சில விலைகளும் உண்டு. ஸ்லைடு ஓட இடம் குறைவதால் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும். கையால் பின்னே இழுப்பதற்கே திணற வேண்டிவரும். குறி பார்க்கும் முன், பின் முனைகள் ஒன்றுக்கொன்று 15 செ.மீ. தள்ளி இருந்தால், 1 மி.மீ. பிசகு 10 மீட்டரில் 7 செ.மீ. விலகல். 10 செ.மீ. தள்ளி இருந்தால் அதே பிசகு 10 செ.மீ. விலகல். நெரிசலான தெருவில் அந்த விலகல் யார் மீது பாயும் என்று யோசியுங்கள்.

பயிற்சியே இல்லாமல் பெட்டியில் வைத்தாலே காவல் என்று நம்புகிறவர்கள் அதைத் தாயத்தாகத்தான் கட்டிக்கொள்கிறார்கள். அந்த மூடநம்பிக்கை மீது எனக்குக் கோபமே உண்டு. நம் பொறியியல் கல்லூரிகளில் அதிவேகக் கேமரா வாங்கப் பணம் ஒதுக்கி, இந்த ஸ்லைடு ஓட்டத்தை மாணவர்களுக்குக் காட்டினால் உந்த விதியை ஒருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

வாசகருக்கு என் பதில்: லைசென்ஸ் கிடைத்தால் 650, 700 கிராம் எஃகில் இருப்பதையே பாருங்கள். துருத்தலைத் தட்டையான நல்ல உறை பெருமளவு மறைத்துவிடும். பிஸ்டல் என்றால், வாங்கும் முன் தோட்டா இல்லாமல் அதன் ஸ்லைடைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள், பத்தாவது முறை சிரமப்பட்டால் ரிவால்வரே போதும். இன்னொன்று, துறைமுகம் பக்கம் வீசும் உப்புக் காற்றும் மே மாத வியர்வையும் சேர்ந்தால் உடலை ஒட்டியிருக்கும் பக்கம் ஊசிமுனைப் புள்ளிகளாகத் துரு பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் தோட்டாக்களை எடுத்துவிட்டு, உறையைத் தனியே காயவிட்டு, எஃகை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். ஆயுத பூஜைக்கு வைக்கும் சந்தனத்தையும் அன்று இரவே துடைத்துவிடுங்கள்.