இரவில் மட்டும் இரத்தத்துக்கு வரும் புழு

கடலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். யானைக்கால் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வரும் சுகாதாரப் பணியாளர்கள், பகலெல்லாம் விட்டுவிட்டு இரவு எட்டரை மணிக்கு மேல்தான் கதவைத் தட்டுகிறார்களே, குழந்தைகள் தூங்கிய பிறகு விரலில் ஊசி குத்துவதை மாலையிலேயே முடித்துக்கொள்ளக் கூடாதா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். இதற்கான விடையை ஒட்டியே அவருக்குப் பக்கத்தில், புதுச்சேரியில் ஒரு நிறுவனம் பல பத்தாண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத்தான் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்களுக்கு அது ‘வி.சி.ஆர்.சி’.

யானைக்கால் நோயின் அடிப்படை பலரும் பள்ளியில் படித்ததே. வூச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு, மனிதனின் நிணநீர் நாளங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. பெண் புழு முட்டையிடாமல், கால் மில்லிமீட்டரை ஒட்டிய நீளமுள்ள நுண்புழுக்களை ஈனுகிறது. அவை இரத்தத்தில் கலக்கின்றன. அங்கே அவை வளர்வதில்லை. கடிக்க வரும் கொசுவின் வயிற்றுக்குள் போனால் மட்டுமே, இரண்டு வாரங்களுக்குள் அடுத்த மனிதரைத் தொற்றக்கூடிய நிலையை அடைய முடியும். நம் ஊர்களில் அந்தக் கொசு, சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் க்யூலெக்ஸ். அது இரவில் கடிக்கிறது. நள்ளிரவை ஒட்டி மிக அதிகமாகக் கடிக்கிறது. நுண்புழுக்களும் அதே நேரத்தில்தான் விரல்நுனி இரத்தத்தில் நிறைகின்றன. பகலில் அதே விரலில் ஊசி குத்தினால் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது.

இந்த ஒழுங்கை 1870களின் இறுதியில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் பாட்ரிக் மான்சன் கண்டறிந்தார். புழுவிடம் கடிகாரமா இருக்கிறது என்று அன்றைய மருத்துவர்கள் வியந்தார்கள். 1881இல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர், தம் நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்துப் பார்த்தார். சில நாட்களில் புழுக்களும் முறை மாற்றிக்கொண்டன. பகலில் வெளிவந்து இரவில் மறைந்தன. ஆகவே சூரியனை அவை பொருட்படுத்துவதில்லை. தாம் குடியிருக்கும் உடல் தூங்குகிறதா என்பதையே கவனிக்கின்றன. பிற்காலத்தில் மான்சனின் நோயாளி ஒருவர் ஒரு காலைப் பொழுதில் இறந்துபோக, உடலைப் பரிசோதித்தபோது பகலில் அவை ஒளியும் இடமும் தெரிந்தது. நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அவை கூட்டம் கூட்டமாக இருந்தன.

அங்கே எப்படித் தங்குகின்றன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நுரையீரல் வழியாக உடலின் இரத்தம் முழுவதும் இடைவிடாமல் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் சிக்கிய ஒரு நுண்புழு, எதுவும் செய்யாதிருந்தால் சில நொடிகளில் இதயத்துக்கும் அங்கிருந்து உடலெங்கும் அடித்துச் செல்லப்படும். பகலில் அது நிகழவில்லை என்றால், ஒவ்வொரு புழுவும் ஓட்டத்தை எதிர்த்து, குறுகிய நாளங்களில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது என்று பொருள். அப்படி நிற்கும்படி அதற்குச் சொல்லும் சமிக்ஞை எது? இதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவர் பிரிட்டிஷ் ஒட்டுண்ணியியலாளர் ஃபிராங்க் ஹாக்கிங். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் தந்தை. அவர் கண்ட விடை ஆக்சிஜன்.

நுரையீரலுக்குள் வரும் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு. அதை விட்டு வெளியேறும் இரத்தத்தில் அதிகம். விழித்து நடமாடும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கிறது, தூங்கும்போது சிறுத்துவிடுகிறது. வேறுபாடு பெரிதாக இருக்கும்வரை நுண்புழு நுரையீரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பிடியை விட்டு இரத்தத்தோடு மிதந்து போகிறது. இதைச் சோதித்த விதம் அழகானது. நள்ளிரவில் நோயாளியை ஆக்சிஜன் சுவாசிக்க வைத்தால், வெளியேறும் இரத்தத்தில் அழுத்தம் ஏறி வேறுபாடு கூடுகிறது; விரல்நுனியில் புழுக்கள் குறைகின்றன. அதே நேரத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்தால், தசைகள் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் உள்ளே வரும் இரத்தத்தில் அழுத்தம் இறங்கி வேறுபாடு மறுபடியும் கூடுகிறது. அப்போதும் புழுக்கள் குறைகின்றன. ஒன்று மேல்முனையை உயர்த்துகிறது, மற்றொன்று கீழ்முனையைத் தாழ்த்துகிறது. புழு இரண்டையும் ஒரே செய்தியாகவே படிக்கிறது. மூளை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லாத ஓர் உயிர், மனிதன் தூங்கிவிட்டான் என்பதை அவன் மூச்சிலிருந்து அறிந்துகொள்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இந்தப் பழக்கம் கொசுவுக்கு ஏற்பவே உருவானது என்பதற்கு நம் நாட்டுக்குள்ளேயே சான்று இருக்கிறது. நிக்கோபாரின் நன்கௌரித் தீவுகளில் யானைக்காலைப் பரப்பும் காட்டுக்கொசு பகலில் கடிப்பது. அங்குள்ளவர்களின் இரத்தத்தில் அதே இனப் புழுவின் நுண்புழுக்கள் பகலிலும் இருக்கின்றன. பகலில்தான் சற்றுக் கூடுதலாகவும் இருக்கின்றன. கடலூரின் இரவு விதி அங்கே பொருந்தாது. நோயை அந்தந்த வட்டாரத்திலேயே ஆராயும் நிறுவனங்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பகலிலேயே புழுவை வெளிக்கொணரும் வழியும் உண்டு. டி.இ.சி. (டைஎத்தில்கார்பமசின்) என்னும் யானைக்கால் மருந்து மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்புழுக்கள் இரத்தத்தில் தலைகாட்டும். இன்றும் வீடுவீடாக வழங்கப்படும் இம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமை வகித்த அமெரிக்க ஆய்வகத்திலிருந்து 1947இல் வந்தது. வளர்ந்த புழு இரத்தத்தில் விடும் பொருளை (ஆன்டிஜென்) காட்டும் சோதனைப் பட்டை எந்த நேரத்திலும் வேலை செய்யும். ஆனால் மருந்தால் நுண்புழுக்கள் மறைந்த பின்னும் அது வெகுகாலம் ‘தொற்று உண்டு’ என்றே காட்டக்கூடும். கொசுவுக்கு இன்னும் புழு கொடுத்துக்கொண்டிருப்பவர் யார் என்பதை அறிய இரவு இரத்தமே நம்பகமானது.

புதுச்சேரி மையத்தின் தனி அக்கறை கொசுப்பக்கம். மலேரியாக் கிருமி கொசுவுக்குள் பெருகும். யானைக்கால் புழு அப்படிப் பெருகுவதில்லை; நுழைந்தவற்றில் பிழைத்தவை மட்டுமே வெளிவரும். அவையும் ஊசிமருந்துபோல் நேராக உட்செலுத்தப்படுவதில்லை. தோல்மேல் விழுந்து, கடித்த துளை வழியே தாமே ஊர்ந்து நுழைய வேண்டும். எனவே பரவல் மிகத் திறமையற்றது. 1960களில் ரங்கூனில் செய்த கணக்கின்படி, ஒருவரின் இரத்தத்தில் நுண்புழு தோன்ற, தொற்றுடைய கொசுக்கள் சராசரியாகச் சுமார் 15,500 முறை கடிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் கொசுவைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும்? இதை அறிய 1981 முதல் ஐந்தாண்டுகள் புதுச்சேரி நகரையே களமாக்கி, கொசு பெருகும் நீர்நிலைகளைக் குறைப்பதை முதன்மையாகக் கொண்ட ஒரு பெருந்திட்டத்தை மையம் நடத்தியது. அங்கே சேர்ந்த தரவுகளைக் கொண்டே, ராட்டர்டாம் ஆய்வாளர்களோடு இணைந்து, லிம்ஃபாசிம் என்னும் கணினி மாதிரி உருவானது. மருந்தை எத்தனை ஆண்டுகள் கொடுக்க வேண்டும் என்பது போன்ற கேள்விகளை அதனிடம் கேட்க முடிகிறது.

ஐந்தாண்டுகள் இரவில் கொசு பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்துச் சேர்த்த தரவு அது. இவ்வகை வேலைக்கு இன்று நிதி கேட்பது கடினமாகிவருகிறது என்பது என் வருத்தம். விலையுயர்ந்த கருவிக்குக் கையெழுத்திடும் குழுக்கள், கொசு இனங்களைக் கண்ணால் பிரித்தறியும் பயிற்சி பெற்றவர்களுக்குச் சம்பளம் தரத் தயங்கக் கூடாது. இதே அளவுக்கு எனக்கு வருத்தம் தருவது, வீங்கிய காலை முன்வினைப் பயன் என்று சொல்லி நோயாளியை மூலையில் உட்கார வைக்கும் பழக்கம். அந்தக் காலை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து வந்தாலே, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சலும் வலியும் பெரிதும் குறையும். வெட்கப்பட்டுக் காலை மறைப்பவருக்கு இதைச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

வாசகருக்கு ஓர் ஆறுதலான செய்தியும் உண்டு. நோய் அருகிவிட்ட ஊர்களில், மனித இரத்தத்துக்குப் பதிலாகக் கொசுவையே சோதிக்கும் முறையை இம்மைய ஆய்வாளர்கள் செப்பனிட்டு வருகிறார்கள். முட்டையிட வரும் க்யூலெக்ஸ் ஏற்கெனவே யாரையோ கடித்து இரத்தம் குடித்திருக்கும். அவற்றைப் பொறியில் பிடித்து, தொகுதி தொகுதியாக அரைத்து, புழுவின் டி.என்.ஏ இருக்கிறதா என்று, டி.என்.ஏவைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையில் பார்க்கிறார்கள். இருந்தால் அந்தக் கொசு நோயைப் பரப்பிவிட்டது என்று பொருளாகாது. ஆனால் அந்தத் தெருவில் எவர் உடலிலோ நுண்புழு இன்னும் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு மட்டும் பணியாளர்கள் இரவில் வந்தால் போதும்.