பப் நடத்திய தாத்தாவைத் தேடும்போது பாட்டியை விட்டுவிடாதீர்கள்

லண்டனில் குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். “எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா விக்டோரியா காலத்தில் பப் வைத்திருந்தார், மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பச் சொத்து” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் நிறைய. கையோடு இணையத்தில் எடுத்த ஒரு பட்டியலும் இருக்கும். ஆண்டு, பக்கத்தில் ஒரு ஆணின் பெயர், அவ்வளவுதான். பெயர் மாறினால் குடும்பமும் மாறிவிட்டது என்று கணக்கு. இந்தக் கணக்குதான் பலரைத் தப்பான மரத்தில் ஏற்றிவிடுகிறது.

முதலில் சொத்து விஷயம். பப் கட்டடம் பெரும்பாலும் ஒரு பீர் ஆலைக்கோ வேறு நில உரிமையாளருக்கோ சொந்தம். கல்லாவில் நின்றவர் வாடகைக்கோ குத்தகைக்கோ இருந்தவர். இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த பப்புக்குப் போய்விடுவது அந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். நூறு வருடம் ஒரே குடும்பம் நடத்திய பப் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே நம்பிக்கொண்டு தேடக் கூடாது.

அடுத்தது, பட்டியல் எங்கிருந்து வந்தது என்பது. பெரும்பாலும் போஸ்ட் ஆபீஸ் டைரக்டரி போன்ற வணிக முகவரிப் புத்தகங்களிலிருந்து. அதில் இருப்பது லைசென்ஸ்காரரின் பெயர் மட்டும். அச்சாகி வருவதற்குள் ஆள் மாறியிருக்கலாம். அன்று திருமணமான பெண்ணுக்குப் பொதுவாக லைசென்ஸ் கொடுக்கமாட்டார்கள், கணவர் பெயரில்தான். கணவர் இறந்தால் விதவை பெயருக்கு மாறும். அவள் மறுமணம் செய்தால் புதுக் கணவர் பெயருக்குப் போகும். அவளுக்கு வயதாகிவிட்டால் மருமகன் பெயருக்கு.

நான் பார்த்த ஒரு குடும்பத்தில் அப்படியேதான் நடந்தது. தேம்ஸுக்குத் தெற்கே ஒரு சின்ன மூலைக்கடை பப். பட்டியலில் வேறு வேறு குடும்பப்பெயருடன் மூன்று ஆண்கள். முன்பு தேடியவர்கள் மூன்று குடும்பம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே பெண், வயது மட்டும் பத்துப் பத்தாகக் கூடிக்கொண்டே போகிறது. முதல் தாளில் மனைவி, அடுத்ததில் வேறொருவரின் மனைவி, கடைசியில் வீட்டுத் தலைவரின் மாமியார். கடை அவளுடையது, பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க மாயம் ஒன்றும் வேண்டாம். 1851 முதல் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் எந்தப் பாரிஷில் (தேவாலய வட்டாரம்) பிறந்தார் என்று எழுதினார்கள். 1841-இல் உறவுமுறை கிடையாது. பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகள் பிறந்த ஊர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மூத்தவள் ஷோர்டிச், அடுத்தவன் டெட்ஃபோர்ட், கடைக்குட்டி சதர்க் என்றால், குடும்பம் எந்த வழியாக வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்தந்தப் பாரிஷின் ஞானஸ்நானப் பதிவேடு. 1813-க்குப் பிறகு அதில் தந்தையின் தொழிலுக்கும் முகவரிக்கும் தனிப் பத்தி உண்டு.

அரசுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையையும் பயன்படுத்துங்கள். 1837 முதலான பிறப்புகளில் தாயின் கன்னிப்பெயர், அதாவது திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர், அதில் இருக்கிறது. ஒரே பகுதியில் தந்தையின் குடும்பப்பெயரும் தாயின் கன்னிப்பெயரும் சேர்ந்து வரும் பிறப்புகளைத் திரட்டினால், கணக்கெடுப்புகளுக்கு இடையில் பிறந்து இறந்த குழந்தைகள்கூட வந்துவிடுவார்கள்.

“மனைவி” என்று எழுதியிருந்தால் திருமணம் நடந்தது என்று அர்த்தமில்லை. இதற்குக் கொடூரமான உதாரணம் ஜார்ஜ் சாப்மன். உண்மைப் பெயர் செவெரின் க்ளோசோவ்ஸ்கி, போலந்துக்காரர். லண்டனிலும் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டிலும் பப் நடத்தினார். அடுத்தடுத்து மூன்று பெண்கள் அவருடைய மனைவியாக வாழ்ந்தார்கள், மூவரையும் விஷம் வைத்துக் கொன்றார், ஒருவரையும் சட்டப்படி மணக்கவில்லை. 1903-இல் தூக்கிலிடப்பட்டார். உங்கள் முன்னோர் அப்படி இருக்கமாட்டார், பயப்பட வேண்டாம். ஆனால் திருமணச் சான்றிதழ் கிடைக்காமல் வருடக்கணக்கில் தேடுபவர்கள், சான்றிதழே இல்லாமலும் இருக்கலாம் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

லைசென்ஸ் பதிவேடு கிடைக்கவில்லையே என்று பலர் குறைப்பட்டுக்கொள்வார்கள். அதற்குக் காரணம் சட்டம். 1828-க்கு முன் மாஜிஸ்திரேட்டுகளிடம், கடையை ஒழுங்காக நடத்துவதாகப் பப்காரர்கள் கொடுத்த பிணைகளின் பதிவேடு இருந்தது. அந்த ஆண்டு வந்த சட்டத்தோடு அந்தக் கட்டாயம் போய்விட்டது. லைசென்ஸ் பதிவேடு மறுபடி கட்டாயமானது 1872-இல். நடுவில் நாற்பது வருட ஓட்டை. இதற்குள் 1830-ஆம் ஆண்டின் பீர் சட்டம் வேறு: வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் கலால் துறையில் இரண்டு கினி (அன்றைய பணக் கணக்கு) கட்டிவிட்டுத் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. ஆறே மாதத்தில் 24,000-க்கு மேல் இப்படிக் கடைகள் முளைத்தன. 1869-இல்தான் இவை மறுபடி மாஜிஸ்திரேட் கைக்கு வந்தன. இந்தக் கடைகளில் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. டைரக்டரியில் பப்புகளின் பட்டியலில் தேடிப் பயனில்லை, தெருப் பட்டியலில் “பீர் சில்லறை வியாபாரி” என்று ஒரு மூலையில் இருப்பார்கள். பகலில் கணவர் தச்சு வேலைக்கோ துறைமுகத்துக்கோ போக, கடையை நடத்தியது மனைவிதான். தாளில் அவர் “தச்சர்” என்று மட்டும் இருப்பார்.

இந்த ஓட்டையை அடைக்க எனக்குப் பிடித்தது பழைய செய்தித்தாள்கள். லைசென்ஸ் கைமாறிய செய்தி அங்கே வரும். 1794-இல் பப்காரர்களின் சங்கமே தொடங்கிய ‘மார்னிங் அட்வர்டைசர்’ இருக்கிறது. மரண விசாரணைகளும் உதவும். பொதுக் கட்டடம் இல்லாத பேட்டைகளில் கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) விசாரணையைப் பப்பின் மாடி அறையில்தான் நடத்துவார். செய்தியில் பப்பின் பெயரும் தேதியும் இருக்கும், சில சமயம் நடத்துபவரின் பெயரும்.

முகவரியில் இரண்டு எச்சரிக்கை. 1855-க்குப் பிறகு லண்டனில் தெருப் பெயர்களையும் கதவு எண்களையும் ஏராளமாக மாற்றினார்கள். எண் மாறிவிட்டது என்பதற்காகக் கடை இடம் மாறியதாக எழுதிவிடாதீர்கள்; பக்கத்து வீட்டுக்காரர்களையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இரண்டாவது, இன்று சித்திரக் கண்ணாடியும் செதுக்கிய மரமுமாக நிற்கும் லண்டன் பப்புகளில் பல 1890-களில் இடித்துக் கட்டியவை. 1850-இல் அங்கே இருந்த உங்கள் பாட்டி அந்தக் கவுன்டரைத் தொட்டே இருக்கமாட்டார். சுவரில் தொங்கும் “அன்றிலிருந்து இன்றுவரை” பலகையை விளம்பரமாக மட்டும் பாருங்கள், அதை ஆதாரமாக எழுதாதீர்கள்.

கடையை விட்ட பிறகு தம்பதி காணாமல் போய்விட்டால், உயில் அட்டவணையைப் பார்ப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். 1858 முதல் அது நாடு முழுவதற்கும் ஒன்றாக இருப்பதால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் சொத்தில்லாமல் ஓய்ந்த பப்காரர்கள் நிறைய. நொடித்தவர்கள் ‘லண்டன் கெஜட்’ என்ற அரசிதழின் திவால் அறிவிப்பில் கிடைப்பார்கள். தெற்கு லண்டனின் பெக்கமில் 1827-இல் பப்காரர்களுக்கென்றே தொடங்கிய முதியோர் குடியிருப்பும் உண்டு. அந்த முகவரியைக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் புரட்டுங்கள். அங்கே கணவர் இல்லாமல், கடைசிக் கணவரின் பெயரோடு உங்கள் பாட்டி தனியாக இருக்கலாம்.