சொல் விளக்கம்: மருந்து மடைமாற்றம்

பாளையங்கோட்டையில் செவிலியர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் நடந்த ஒரு பயிற்சிக்குத் தமிழ்க் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். பயிற்றுநர் வாய்க்கு வாய் ‘டைவர்ஷன்’ என்றார். பின்வரிசைச் செவிலியர் ஒருவர் எழுந்து, “ரோட்டுல அம்பு போட்டு போர்டு வச்சிருப்பாவளே, அதா சார்?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; என் குறிப்பில் இருந்த ‘மருந்து திசைதிருப்பல்’ அதைவிட மோசம். கவனத்தைத் திசைதிருப்பலாம், மாத்திரையை எப்படித் திருப்புவது?

‘வேறு பக்கம் திருப்பு’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் ‘டைவர்ஷன்’. ஆங்கிலத்தில் அது மாற்றுப்பாதைக்கும் ஆகும், பொழுதுபோக்குக்கும் ஆகும். மருத்துவத்தில் பொருள் குறுகியது: முறைப்படி தயாராகி, முறைப்படி விற்பனைக்கு வந்த மருந்து, சேர வேண்டிய நோயாளியை விட்டு வேறு கைக்குப் போவது.

‘கடத்தல்’ பொருந்தாது, அப்படிச் சொன்னால் சரக்கே முதலிலிருந்து கள்ளச் சரக்கு என்று தோன்றும். ‘திருட்டு’ என்றால் பாதிதான் வரும். ஒரே தூக்க மாத்திரைக்கு நாலு டாக்டரிடம் சீட்டு வாங்கி, நாலு கடையில் காசு கொடுத்து வாங்கி விற்கிறவன் எதைத் திருடினான்?

சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அம்பாசமுத்திரம் பக்கத்து மருந்தாளுநர் அண்ணாச்சி ஒருவர். “கன்னடியன் கால்வாய்ல தண்ணி தொறந்தாச்சும்பாவ. கடைமடைக்கு வந்து சேராது. தேடிப் போனா, நடுவுல எவனோ ராத்திரியோட மடைய மாத்தி விட்டுருப்பாம். இதும் அதாம்லா?”

அதேதான். அணைக்கட்டில் திறந்த தண்ணீரில் குற்றமில்லை, வாய்க்காலிலும் இல்லை. தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘மடைமாற்றம்’ என்றால் விளக்கவுரை வேண்டாம். நிதி மடைமாற்றம் என்று செய்தித்தாள்களும் எழுதிப் பழக்கியிருக்கின்றன. மடை என்பது நீர் பாயக் கரையில் விடும் வாய். மடைப்பள்ளியின் மடை வேறு, அது சோறு. ‘மாற்றம்’ பழந்தமிழில் சொல்லையும் மறுமொழியையும் குறித்தது. இங்கே அந்தப் பொருள் இல்லை.

இந்தச் சொல் பயிற்சிக்கும் உதவியது. கடும் வலிக்குப் போடும் மார்ஃபின் ஊசிமருந்து, ஓர் ஆம்பியூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) 10 மில்லிகிராம். நோயாளிக்கு எழுதியது 5. மிச்சம் 5 எங்கே? இன்னொருவர் கண்முன் கொட்டி, இருவரும் கையெழுத்திட வேண்டும். கொட்டுவதைப் பார்க்காமலே அந்த இரண்டாவது கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பதுதான் கரையில் விழும் முதல் வெட்டு. மருந்தை எடுத்துக்கொண்டு குப்பியில் உப்புநீரை ஏற்றியிருந்தாலும் பதிவேட்டில் கணக்கு நேராக இருக்கும். ஊசி போட்டும் வலி குறையாத நோயாளிதான் காட்டிக்கொடுப்பார். கடைமடையில் பயிர் வாடுவதைப் பார்த்துத்தானே மேலே போய்த் தேடுகிறோம்?

மருந்துக்கடையில் அல்பிரசோலம் (பதற்றத்துக்கான மாத்திரை) போன்ற, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் பதிந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2014 முதல் நடப்பிலுள்ள விதி. மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் அது பதிவேடு அல்ல, கதை.

பயந்து மடையையே அடைத்துவிடுவதும் நடக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு அஞ்சி மார்ஃபினே வாங்கி வைக்காத ஆஸ்பத்திரிகளால் புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, உரிமங்களின் சிக்கலைக் குறைத்தது இதற்காகத்தான். அதற்கும் நம் சொல் இடம் கொடுக்கிறது: மடை மாறக் கூடாது, அடைபடவும் கூடாது. ‘திசைதிருப்பல்’ என்றால் இப்படிப் பேச வழியே இல்லை.

வினையாக ‘மடைமாற்று’, செய்தவரை ‘மடைமாற்றியவர்’ என்று எழுதலாம். வார்டில் பேசும்போது ‘டைவர்ஷன்’ என்றே சொல்வார்கள், சொல்லட்டும். என் குறிப்பில் இருந்த திசைதிருப்பல்களை எல்லாம் அன்று மதியமே அடித்துவிட்டேன்.