முகாமில் இருந்தாலும் எழுத்து உங்களுடையதுதான்

கோவையில் பதிப்புரிமை வழக்குகள் பார்க்கிற வக்கீல் நான். போன வாரம் வந்த தம்பி பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவர். ஒரு சீரியலுக்கு மாதக்கணக்கில் சீன் பேப்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். டைட்டிலில் பெயர் இல்லை, பணமும் பாதியில் நின்றுவிட்டது. ஏன் கேட்கவில்லை என்றால், "சிலோன் அகதிக்கு இங்க காப்பிரைட் எல்லாம் கிடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்கண்ணா" என்கிறார். இதையே எத்தனை பேர் வாயால்தான் கேட்பது!

பொய்ங்க அது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 13-வது பிரிவைப் பாருங்கள். இந்தியாவில் முதலில் வெளியான எழுத்துக்கு, எழுதியவர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது. டிவியில் ஒளிபரப்பானாலே அது வெளியானதுதான். இன்னும் வெளிவராத கதையா? எழுதும்போது நீங்கள் இந்தியக் குடிமகனாக இருந்தாலும் சரி, இந்தியாவையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவராக இருந்தாலும் சரி, உரிமை உண்டு. நிரந்தர இருப்பிடம் பற்றி எதிர்த்தரப்பு வாதாடும், தெரியும். ஆனால் ஒரு நாட்டவர் எழுத்தை மற்ற நாடுகளும் காக்க ஒப்புக்கொண்ட பெர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது, அந்நாட்டவர் எழுத்துக்கும் இங்கே பாதுகாப்பு இருக்கிறது. விசா, வேலைக்கு அனுமதி இதெல்லாம் தனி விவகாரம். அதையும் எழுத்துரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் உங்களை மிரட்டுகிறார்கள்.

பெயர் விடுபடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. திருவாரூரிலிருந்து வந்து இங்கே வசனம் எழுதிய கருணாநிதிக்கே 1948-ல் 'அபிமன்யு' பட டைட்டிலில் பெயர் போடவில்லை. இன்றைக்கு 57-வது பிரிவு இருக்கிறது. உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியது நான்" என்று கோரலாம்.

அப்புறம், கதை டிஸ்கஷனில் வாயால் சொன்ன ஒன்லைனுக்காக, அதாவது ஒருவரிக் கதைக்காக, என்னிடம் வராதீர்கள். வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. சீன் பிரித்து எழுதுங்கள், மெயிலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் பேசியதை அழித்துத் தொலைக்காதீர்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் கோர்ட்டில் சாட்சியாக நிற்கும். கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய், விண்ணப்பித்து யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அக்ரிமென்ட் இல்லாமல் ஒரு எபிசோடுகூடக் கொடுக்காதீர்கள். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். "உலகம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும்" என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற தம்பிகளிடம் கோபம்தான் வருகிறது. மாதச் சம்பள வேலை என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம், அப்படி எழுதுவது பெரும்பாலும் முதலாளிக்கே போய்விடும்.

கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்துக்கு முந்தின நாள் வாங்க. ஃபீஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் இலவச சட்ட உதவி மையமும் இருக்கிறது, அங்கேயாவது அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.