சோளிங்கர் படி ஏறுற பலம் லடாக்ல போதுமா?

லடாக் பைக் ட்ரிப், கைலாஷ் யாத்திரை, எவரெஸ்ட் பேஸ் கேம்ப்னு கிளம்புறவங்க நம்ம வேலூர்ல இப்போ ஜாஸ்தியாயிட்டாங்க, ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டு கிளினிக் வரும்போதே "சோளிங்கர்ல 1305 படியும் நிக்காம ஏறிடுவேன் டாக்டர், எனக்கு என்ன ஆகப்போகுது"ன்றாங்க. ஆசை நல்ல ஆசைதான், நான் யாரையும் தடுக்கறதில்ல. ஆனா கால் பலம் வேற, உடம்பு உயரத்துக்குப் பழகறது வேற.

வேலூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 200 மீட்டர், லடாக்ல இறங்கற லே ஊர் 3500 மீட்டர். டெல்லியில காலைல ஃப்ளைட் ஏறினா கொஞ்ச நேரத்துல அங்க இறக்கி விட்டுடுவான், உடம்புக்கு அது தெரியுமா? 5500 மீட்டர் கிட்ட காத்தழுத்தம் பாதியாயிடும், ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜனும் பாதிதான், கைலாஷ் மலையைச் சுத்தி வர்ற பரிக்ரமால தாண்டற டோல்மா கணவாய் அதுக்கும் மேல. ஜிம் பாடிக்கும் இதே கணக்குதான், சொல்லப்போனா எனக்கு வயசுப் பசங்கள நினைச்சாதான் பயம், வேகமா ஏறிடுவாங்க, தலைவலின்னா குரூப்ல சொல்ல வெக்கப்படுவாங்க.

தலைவலி, குமட்டல், தூக்கம் வராம இருக்கறது, இதெல்லாம் உயரத்தால வர்ற நோயோட ஆரம்பம், அது சரியாகற வரைக்கும் ஒரு அடிகூட மேல போகக்கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை நுரையா சளி வருதுன்னா நுரையீரல்ல தண்ணி கோக்குதுன்னு அர்த்தம். சந்தேகமா இருந்தா குதிகால் விரல்ல படுற மாதிரி நேர்கோட்டுல நடக்கச் சொல்லுங்க, குடிச்சவன் மாதிரி தள்ளாடினா மூளை வீங்க ஆரம்பிச்சிருக்கலாம். விடியட்டும்னு காத்திருக்காதீங்க, ராத்திரியானாலும் கீழ இறக்குங்க, ஆக்சிஜன் சிலிண்டரெல்லாம் இறக்கற வரைக்கும் தாங்கத்தான்.

கம்மவான்பேட்டைல வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரங்க, அவங்கள கேட்டுப் பாருங்க. லே போனதும் 6 நாள் பழக்கம், அடுத்த உயரத்துக்கு 4 நாள், அதுக்கும் மேலன்னா இன்னும் 4 நாள். 1962 சீனப் போர்ல சமவெளியில இருந்து அவசரமா மேல அனுப்பின ஜவான்கள் நிறைய பேர் இந்த நோய்ல விழுந்தாங்க. நாம மொத்த டூரையே ஆறேழு நாள்ல முடிக்கப் பாக்கறோம்.

உடம்பு உயரத்துக்குப் பழக டயமாக்ஸ் மாத்திரை உதவும், ஆனா நீங்களா வாங்கிப் போடாதீங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். பணம் கட்டறதுக்கு முன்னாடி டூர்காரர்கிட்ட எந்த ராத்திரி எத்தனை மீட்டர்ல தூங்கறோம்னு எழுதி வாங்குங்க. 3000 மீட்டருக்கு மேல, தூங்கற இடத்தோட உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தரம் ரெஸ்ட் வேணும், அது ப்ளான்ல இல்லன்னா வேற டூர் பாருங்க.