இனிப்பே தொடாதவருக்கும் பல் ஆடுவது ஏன்?

"காபிக்குக்கூட சர்க்கரை போடுவதில்லை டாக்டர். ஒரு பல்லில் சொத்தை கிடையாது. அப்புறம் எப்படி ஆடும்?"

இந்த வாரமும் ஒருவர் கேட்டார். நாற்பது வயதைத் தாண்டாதவர். கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கால் தள்ளினாலே அசைகின்றன. உட்புறம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஒரே பாளமாகக் காரை. ஒரு பல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அளவுக்கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக விட்டால் 7 மில்லிமீட்டர் உள்ளே இறங்குகிறது. 3 வரைதான் இயல்பு. கம்பியை எடுத்ததும் ரத்தம். பல வருடமாகத் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்திருக்கிறது; உடம்புச் சூடு என்று விட்டுவிட்டாராம். கையில் மருந்துக் கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டை வேறு.

சொத்தை வேறு, ஈறு நோய் வேறு. சொத்தை வராத வாய் ஆரோக்கியமான வாய் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரின் குழு 1970 முதல் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. பல் மருத்துவமே எட்டாதவர்கள், பிரஷ் பழக்கமும் இல்லாதவர்கள். அவர்களிடம் சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீங்கியிருந்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. "எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிச்சதில்லை, எண்பது வயசுல முறுக்கு கடிச்சார்" என்பவர்களுக்கு: உங்கள் தாத்தா அந்த 11 சதவீதம். நீங்களும் அதில்தான் இருப்பீர்கள் என்று எந்த நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கு நாம் சாப்பிடும் இனிப்பு தேவை. ஈறு நோயில் முன்னால் நிற்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற கிருமி அப்படியல்ல. அது சர்க்கரையை எரித்து வாழ்வதில்லை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமாக விழுந்த, காற்றுப் புகாத பையில் உட்கார்ந்து, புரதத் துணுக்குகளையும் ரத்தத்திலிருக்கும் இரும்புச் சத்தையும் தின்கிறது. ஈறில் கசியும் ரத்தமே அதற்குச் சாப்பாடு.

இந்த நோயில் சர்க்கரைக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. நம் தட்டில் அல்ல, கிருமியின் உடம்பின் மேல். இந்தக் கிருமியில் பல வகைகள், கூட்டுச் சர்க்கரையால் ஆன ஓர் உறையைத் தாங்களே தயாரித்துப் போர்த்திக்கொள்கின்றன. அந்த உறை இருந்தால் வெள்ளையணுவால் கிருமியைப் பிடித்து விழுங்குவது கடினம். அது மட்டுமல்ல, புரதத்தைச் சிதைக்கும் ஜிஞ்ஜிபெய்ன் நொதிகளை மேற்பரப்பில் பிடித்து வைத்திருப்பதும் ஒரு சர்க்கரைச் சங்கிலிதான். கூட்டாளியான டானரெல்லா ஃபோர்சிதியா இன்னும் தந்திரக்காரன். நம் சொந்தச் செல்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் போன்ற ஒன்றை, வேஷம்போலத் தன் மேலுறையில் வைத்திருக்கிறது.

கிருமிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்தச் சர்க்கரைகளை வைத்துத்தான். ஒன்றின் மேல் உள்ள சர்க்கரையை இன்னொன்றின் புரதம் அடையாளம் கண்டு கவ்வுகிறது. பல்லில் முதலில் குடியேறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், அதன் மேல் ஆக்டினோமைசெஸ், நடுவில் பாலமாக நீளமான ஃபியூசோபாக்டீரியம், கடைசியில் நம் வில்லன்கள். ஆய்வகத்தில் இப்படி ஒட்டிய சில ஜோடிகளோடு பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸைக் கலந்தால் பிடி விட்டுப் பிரிந்துவிடும். உடனே பாலில் வாய் கொப்பளிக்கலாமா என்று கேட்காதீர்கள். வாய் சோதனைக் குழாய் அல்ல.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். இந்தக் கூட்டம் தன்னைச் சுற்றிப் பிசின் மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்கிறது. தனியாக மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து இங்கே போதாது. பல மடங்கு வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுப்புப் பிடித்தால் பிளீச்சிங் பவுடரை மட்டும் போட்டுவிட்டுப் போவோமா? தேய்க்காமல் போகாது. சில தீவிர நிலைகளில் நாங்களும் மாத்திரை எழுதுவோம். சுத்தம் செய்வதோடு சேர்த்துத் தருவது அது, அதற்குப் பதிலாக அல்ல. மௌத்வாஷும் அப்படித்தான். 7 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அது இறங்காது.

இதைச் சொன்னதும் அடுத்து வரும் வசனம்தான் எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றுவது: "க்ளீன் பண்ணினா பல் ஆடும்னு சொல்றாங்களே?"

ஆடாது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பல்லைத்தான் காரை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறது. எலும்பு கரைந்து வெகுநாள் ஆகிறது. காரையை எடுத்ததும் அது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. "இடைவெளி விழுந்துடுச்சு" என்கிறார்கள். ஈறும் எலும்பும் இறங்கிய இடம் அது. அதைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மூடியிருந்தது. வீக்கம் வடிந்தால் ஈறு சுருங்கத்தானே செய்யும்? "எனாமல் தேஞ்சிடும்" என்பது இன்னொன்று. க்ளீன் செய்யும் கருவியின் முனை நுண்ணிய அதிர்வில் காரையை உடைக்கிறது. முறையாகப் பிடித்தால் எனாமலைச் செதுக்குவதில்லை. வேர் வெளியே தெரிவதால் சில நாள் கூச்சம் இருக்கும், அடங்கிவிடும். எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, எலும்பு இங்கே இருக்க வேண்டும், உங்களுக்கு இங்கே இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டிய பிறகும் "பக்கத்து வீட்டு அக்காவுக்கு க்ளீன் பண்ணின மறு வருஷமே..." என்று ஆரம்பித்தால் நான் என்னதான் செய்ய? அந்த அக்கா பத்து வருடம் முன்பே வந்திருந்தால் பல் நின்றிருக்கும்.

எலும்பு கரையும் விதத்தை இங்கே விரிக்கவில்லை. கிருமியை விரட்ட நம் உடம்பு போடும் சண்டையில்தான் பெரும்பகுதி கரைகிறது என்பது தெரிந்தால் போதும்.

துலக்கும்போது ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்காதீர்கள், தயவுசெய்து. எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அங்கேதான் முற்றுகிறது. இதே லோ 1965-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு நன்றாக இருந்த 12 பேரைத் துலக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் சரியானது. ஆரம்ப நிலையில் உங்கள் பிரஷ்ஷே மருந்து. மென்மையான பிரஷ்ஷை ஈறு விளிம்பை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். பாத்திரம் தேய்ப்பதுபோல் அழுத்த வேண்டாம். இடுக்குக்குத் தனிச் சிறு பிரஷ் கிடைக்கிறது. அதை இரவில் ஒரு முறை பயன்படுத்தினால் போதும். உப்பு, சாம்பல், செங்கல் பொடி எல்லாம் வேண்டாம்.

புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும். நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அறிகுறியைப் புகை மறைக்கிறது. சுகர் நோயாளிகள் மறைக்காமல் சொல்லுங்கள், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் எடுத்து வாருங்கள். சுகர் ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சுகரைக் கட்டுக்குள் வைப்பதும் சிரமம்.

மூன்று மாதம் கழித்து வரச் சொன்னால் வாருங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த நோய் பல் ஆடும் வரைகூடப் பெரும்பாலும் வலிக்காது.